ஸ்ரீபெரும்புதூரின் கணக்கு இன்னும் தீரவில்லை



ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் நம்மவர் அனைவரும் ஒரு பெயரின் கீழ்தான் சோறு தின்கிறோம். மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் இங்கே அமைத்த தொழிற்பேட்டைக்கு ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க் என்று பெயர். கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவரும், கான்டீனில் பாத்திரம் துலக்குகிறவரும், கேட்டில் இரவுக் காவல் நிற்கிறவரும், பதினைந்தாம் மாடியில் சாரம் கட்டுகிறவரும் அந்தப் பெயருக்குள் நுழைந்து அந்தப் பெயருக்குள்ளிருந்துதான் வெளியே வருகிறோம். அந்தப் பெயருக்கு உரியவர் நம் மண்ணில் கொல்லப்பட்டார். இதை யாரும் நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் யாராவது ஒருவர் நினைவூட்டிக்கொண்டேதான் இருக்கிறார்.

ஆண்டுதோறும் மே 21ஆம் நாளை ஒட்டி மத்திய அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். ரயில்வேயிலும் எடுக்கிறோம். வரிசையில் நின்று கையை நீட்டிப் படிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் தமிழன் வாய் அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிற சகஊழியர் இன்றும் உண்டு. அவர் கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சென்ற கிளைக் கூட்டத்தில் இளந்தோழர் ஒருவர் எழுந்து, "அண்ணே, மே 21ல நம்ம சங்கம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்த இரவு நடந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளை. கூட்டத்தில் இருந்த மூத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இம்மாதத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

முதலில் செத்தவர்களின் கணக்கைப் பார்ப்போம். 1991 மே 21 இரவு பத்து மணிக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் தணு என்ற பெண் தன் இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தாள். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இறந்தார். அவரோடு 15 பேர் இறந்தார்கள். அந்தப் பதினைந்தில் 9 பேர் போலீசார். காயம்பட்டோர் 43 பேர். தணுவும், படம் எடுக்க அழைத்து வரப்பட்ட ஹரிபாபுவும் அங்கேயே மாண்டனர். இது சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பில் உள்ள கணக்கு.

இந்தப் பதினைந்து பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? மேடைகளில் மணிக்கணக்காய்ப் பேசுகிற நமக்கே இரண்டு மூன்றுக்கு மேல் தெரியாது. போலீஸ் சூப்பிரண்டு முகமது இக்பால் ஒருவர். இன்ஸ்பெக்டர் ராஜகுரு ஒருவர். தலைவருக்குக் கவிதை படித்துக் காட்ட வேண்டுமென்று ஆசையோடு வந்த சிறுமி கோகிலா, அவளை அழைத்து வந்த தாய் லதா கண்ணன். அந்தப் பெண்குழந்தை இந்திய அமைதிப்படையை அனுப்பியவளா? யாழ்ப்பாணத்தில் குண்டு போட்டவளா? பந்தோபஸ்துக்கு டூட்டி போட்டதால் நின்ற கான்ஸ்டபிள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்? ஈழத்தில் நம் மக்கள் பட்ட பாட்டுக்காக நாம் அழுதது நியாயம். அந்த அழுகையில் இவர்களுக்கு ஒரு சொட்டும் இல்லாமல் போனது நியாயமா?

இரண்டாவது கணக்கு, குற்றம் சாட்டப்பட்டவர்களுடையது. வழக்கில் மொத்தம் 41 பேர் எதிரிகளாகக் காட்டப்பட்டனர். அவர்களில் 12 பேர் அதற்குள் செத்திருந்தார்கள். மூவர் கைக்கு அகப்படாதவர்கள். மிஞ்சிய 26 பேர் மீது பூந்தமல்லி தடா கோர்ட்டில் மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது. 1998 ஜனவரி 28ஆம் நாள் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும்! 1999 மே 11ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது? 19 பேரை விடுதலை செய்தது. மூவருக்கு ஆயுள். நால்வருக்கு மட்டும் தூக்கு. நூல் இழையில் தூக்குக் கயிற்றைத் தப்பிய அந்த 19 பேர் அதற்குள் சிறையில் கழித்த ஆண்டுகளை எந்தக் கருவூலம் திருப்பித் தந்தது?

சட்டத்தின் நுட்பம் ஒன்றையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண வழக்கில் போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது. அன்றைய தடா சட்டத்தில் அது செல்லுபடியாயிற்று. இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதச் செயல் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. ஏணியை எடுத்துவிட்டார்கள், ஏறினவனை மேலேயே நிற்கச் சொன்னார்கள்.

ஜோலார்பேட்டைப் பேரறிவாளனைக் கைது செய்தபோது அவருக்கு வயது 19. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீது வந்த பெரிய குற்றச்சாட்டு. எதற்காக வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டேன் என, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே ஓய்வு பெற்றபின் 2013ல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வாக்கியம் ஏட்டில் ஏறாமல் போனதற்கு அற்புதம்மாள் என்ற தாய் முப்பது ஆண்டு சிறை வாசல்களில் நின்று விலை கொடுத்தார்.

கருணை மனுக்கள் டெல்லியில் பதினோரு ஆண்டு கிடந்தன. 2011ல் அவற்றைத் தள்ளி, செப்டம்பர் 9ஆம் நாள் தூக்கு என்று தேதியும் குறித்தார்கள். அதைத் தடுக்கக் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் ஆகஸ்ட் 28ஆம் நாள் தீக்குளித்து மாண்டாள். இரண்டு நாளில் சென்னை ஐகோர்ட்டு தூக்கை நிறுத்தி வைத்தது. அதே நாளில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2014 பிப்ரவரி 18ல் மூவரின் தூக்கும் ஆயுளாகக் குறைந்தது. அதன் பிறகும் மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் கவர்னருக்கும் நடுவே ஃபைல் எட்டு ஆண்டு உருண்டது. 2022 மே 18ல் பேரறிவாளனையும், நவம்பர் 11ல் மற்ற ஆறு பேரையும் சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. முப்பத்தோரு ஆண்டு!

இதில் நம்முடைய புனேயும் சம்பந்தப்பட்டிருக்கிறது. எரவாடா சிறையில் இருந்த நடிகர் சஞ்சய் தத்தை 2016 பிப்ரவரியில் தண்டனைக் காலம் முடியுமுன்பே விட்டார்கள். எந்த விதியின்படி விட்டீர்கள் என்று வேலூர்ப் பக்கத்துச் சிறையாளி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, பம்பாய் ஐகோர்ட்டு வரைக்கும் போனார். காந்தியடிகள் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களோ 1964 அக்டோபரிலேயே விடுதலையாகிவிட்டார்கள். பதினாறு ஆண்டு சொச்சம். நாட்டின் தந்தையைக் கொன்ற வழக்குக்கு ஓர் அளவு, பேட்டரி வாங்கியதற்கு அதைப்போல் இரண்டு மடங்கு அளவு. ஒரே நாட்டில் இரண்டு படி வைத்து அளக்கக்கூடாது என்று சொன்னோம். இன்றும் சொல்கிறோம்.

மூன்றாவது கணக்கைத்தான் யாரும் எழுதுவதே இல்லை. கொல்லப்படாமல், கொல்லாமல், வழக்கிலும் வராமல் தண்டனை அனுபவித்தவர்களின் கணக்கு அது.

குண்டு வெடித்த மறுநாள் முதல் தமிழகத்தில் தி.மு.க.வினரின் வீடுகளும் கடைகளும் கொடிக்கம்பங்களும் தாக்கப்பட்டன. அடுத்த மாதத் தேர்தலில் அக்கட்சி இரண்டே இடத்தில் வென்றது. கட்சிகள் விழும், எழும். அவற்றை விடுங்கள். கடலில் உயிரைப் பணயம் வைத்து மண்டபத்தில் வந்து இறங்கிய ஈழ அகதிகள் எழ முடிந்ததா? அதுவரை பால் வார்த்த ஊர், மறுநாள் முதல் கதவைச் சாத்தியது. அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இடம் மறுக்கப்பட்ட ஆண்டுகள் வந்தன. 1992 ஜனவரி முதல் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். விரும்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்துக்கு அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் அனுமதி கிடைத்தது. சிறப்பு முகாம் என்ற பெயரில் சிறைக்குள் சிறை உண்டாயிற்று.

அந்த முகாம்களில் இன்றைக்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2021ல் தமிழக அரசு அவற்றை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, புதுவீடுகள் கட்டித்தர முன்வந்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் வீட்டுக்குக் கதவு வந்ததே தவிர, நாட்டுக்குள் நுழையக் கதவு வரவில்லை. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டவரைப் பேர் சொல்லி அழைத்தது. இலங்கைத் தமிழனை அழைக்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டில் படித்து, பட்டமும் வாங்கிய பிள்ளை அரசு வேலைக்கு விண்ணப்பம் போட முடியாமல் பெயிண்ட் அடிக்கப் போகிறான். ஸ்ரீபெரும்புதூர்க் குண்டின் சில்லு அவன் பிறப்பதற்கு முன்பே அவன் மேல் தைத்திருக்கிறது.

நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கு கிடைத்தது. கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் அன்றிருந்த மூத்த தோழர்கள் சொல்வார்கள்: அந்த மே மாதத்தில் பஸ்ஸில் தமிழ் பேசும் குரல் தானாகவே தணிந்ததாம். வாடகைக்கு வீடு கேட்டால், ஊர் எது என்ற கேள்வி இரண்டு முறை வந்ததாம். நம்மை யாரும் அடிக்கவில்லை. புனே மக்களுக்கு அந்த நன்றியைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அடிக்காமலேயே ஒரு மனிதனைக் குனிய வைக்க முடியும் என்பது அன்று நம்மவர்க்குத் தெரிந்தது.

புனேக்கு இது புதிதல்ல. 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைச் சுட்டவனும் அவன் கூட்டாளியும் இந்த நகரத்திலிருந்து பத்திரிகை நடத்தியவர்கள். செய்தி வந்ததும் புனே, சாத்தாரா, சாங்லி, கோலாப்பூர்ப் பகுதிகளில் கொலையாளியின் சாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காகப் பலரின் வீடுகள் கொளுத்தப்பட்டன. அகிம்சையைப் போதித்தவரின் பெயரால் அந்தத் தீ! 1984ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபோது டெல்லியில் சீக்கியர் தலையில் விடிந்ததும் அதுவே. சுட்டவன் ஒருவன், சுமந்தவர் ஆயிரம் பேர். அரசியல் கொலை என்பது ஒரு மனிதனோடு முடிகிற காரியம் அல்ல. யாரைக் குறி வைக்கிறோம் என்று கொலைகாரன் நினைக்கிறானோ அவர் ஒருவர். அது போய்த் தைப்பவர்கள் அவன் கனவிலும் காணாதவர்கள்.

1964ல் நடந்த இன்னொன்றையும் மறக்கக்கூடாது. காந்தி கொலை வழக்கில் விடுதலையானவர்களுக்கு இதே புனேயில் வரவேற்பு விழா நடத்தினார்கள். நாடே கொதித்தது. கடைசியில் விசாரணைக் கமிஷனே போட வேண்டி வந்தது. விடுதலை அவர்களுடைய சட்ட உரிமை. அதற்கு மாலை போட்டது அடாத செயல். உரிமைக்கும் மாலைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது.

அந்தக் கோட்டை நாம் மதித்தோமா? இங்கேதான் தோழர்களே, நம் மீதே நாம் குறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2011ல் மூவர் உயிருக்காக ஜனாதிபதிக்குத் தபால் அட்டை எழுதினோம். அது சரி. கையெழுத்து வாங்கினோம். அதுவும் சரி. 2022 நவம்பரில் ஆறு பேர் விடுதலையான செய்தி வந்ததை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்க அறையில் லட்டு கொடுத்தோம். உறுப்பினர் ஒருவர் மட்டும் கையை நீட்டாமல் எழுந்து போனார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரர். பிறகு வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் சொன்னார். அவருடைய பெரியப்பா அன்றைய கூட்டத்தில் காயம்பட்டவர். காலில் சில்லோடு சாகும்வரை நொண்டி நடந்தவர். "அவங்கள விட்டது தப்புன்னு நான் சொல்லலீங்க. முப்பது வருஷம் போதும். ஆனா லட்டு எதுக்கு?" என்று கேட்டார்.

அவருக்கு நம்மிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக நம் கூட்டங்களுக்கு வந்தவர். அவர் வீட்டுக் கதையை ஒருநாளும் நாம் கேட்டதில்லை. சொல்லும்படியான இடத்தையும் நாம் வைத்திருக்கவில்லை. அன்று குண்டில் கைவிரல்களை இழந்தும் உயிர் தப்பிய பெண் போலீஸ் அதிகாரி ஒருவர் எங்களையும் கேளுங்கள் என்று ஆண்டாண்டாய்ச் சொல்லிவந்தார். அவரை எதிர்க்கட்சியாய்ப் பார்த்தோமே ஒழிய, பாதிக்கப்பட்டவராய்ப் பார்க்கவில்லை. இதை நாம் வெட்கத்தோடு எழுதுகிறோம்.

கொல்லப்பட்டவரின் குடும்பம் இதில் நம்மைவிட முன்னே போய்விட்டது. நளினியின் தூக்கு 2000ல் குறைந்ததற்குச் சோனியா காந்தியின் வேண்டுகோளும் ஒரு காரணம். 2008 மார்ச்சில் பிரியங்கா வேலூர்ச் சிறைக்கே போய் நளினியைப் பார்த்துப் பேசினார். கொன்றவர்களை மன்னித்துவிட்டோம் என்று ராகுல் 2018ல் சொன்னார். பெரிய இடத்து மன்னிப்பு பத்திரிகையில் வருகிறது. கான்ஸ்டபிள் வீட்டில் போய் மன்னிக்க முடிகிறதா என்று கேட்டவர் யார்?

விடுதலையானவர்களுக்காவது முழு விடுதலை கிடைத்ததா? அதுவும் இல்லை. இலங்கைக் குடிமக்களான நால்வரைச் சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சாந்தன் பதினைந்து மாதம் கிடந்தார். தாயைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டுமென்று மனு மேல் மனு போட்டார். அனுமதி வந்தபோது ஈரல் கெட்டுப் படுத்துவிட்டார். 2024 பிப்ரவரி 28ஆம் நாள் சென்னை அரசு பொது மருத்துவமனையில் உயிர் போயிற்று. அந்த ஆஸ்பத்திரிக்கும் ராஜீவ் காந்தி பெயர்தான். மகனை எதிர்பார்த்திருந்த யாழ்ப்பாணத்துத் தாயிடம் பெட்டிதான் போய்ச் சேர்ந்தது. மற்ற மூவரும் அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். அவர்களில் ஒருவரான முருகன் நளினியின் கணவர். சிறையில் பிறந்த அவர்களுடைய மகள் வெளிநாட்டில் வளர்ந்தாள். முப்பத்தோரு ஆண்டுக்குப் பிறகும் ஒரு குடும்பம் மூன்று பேராய் ஒரு கூரையின்கீழ் உட்கார்ந்து சோறு தின்ன வழியில்லை.

கோகிலாவின் வீட்டிலும் அழுகை, சாந்தனின் வீட்டிலும் அழுகை. இரண்டில் ஒன்றுதான் உண்மையான அழுகை என்று சொல்லச் சொல்லி நம்மை வற்புறுத்துகிறார்கள். அந்த வற்புறுத்தலுக்கு நாம் உடன்பட மறுக்கிறோம்.

நம் கண்முன்னே இன்னொரு வழக்கும் இருக்கிறது. மூடநம்பிக்கை ஒழிப்புக்கு உழைத்த டாக்டர் நரேந்திர தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 காலையில் ஓங்காரேஸ்வர் கோயில் அருகில் பாலத்தின் மேல் சுட்டுக் கொன்றார்கள். பெரியார் பிறந்த மண்ணிலிருந்து வந்த நமக்கு அவர் அந்நியர் அல்ல. தீர்ப்பு வர 2024 மே 10 ஆயிற்று. இருவருக்கு ஆயுள், மூவர் விடுதலை. அவருடைய மகனும் மகளும் தோழர்களும் அந்த ஆண்டுகளில் எந்த வீட்டுக்கும் தீ வைக்கவில்லை, எந்தச் சாதியையும் சபிக்கவில்லை. அந்தப் பாலத்தில் கூடிக் கூடிக் கேள்வி கேட்டார்கள், கோர்ட்டுப் படியேறினார்கள், அவர் கேட்ட சட்டத்தை 2013லேயே நிறைவேற வைத்தார்கள். இழப்பை இப்படியும் சுமக்கலாம் என்று நமக்குக் காட்டியவர்கள் அவர்கள்.

இனி, இளந்தோழரின் கேள்விக்கு வருவோம். மே 21ல் நம் சங்கம் எந்தப் பக்கம்?

செயற்குழு பேசி முடிவு செய்ததை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம். ஒன்று, வருகிற மே 21 மாலை சங்க அறையில் கூடுவோம். ராஜீவ் காந்தியின் பெயரோடு அன்று மாண்ட 15 பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படிப்போம். செங்கொடியின் பெயரும் சாந்தனின் பெயரும் அதே மாலையில் படிக்கப்படும். லட்டும் இல்லை, முழக்கமும் இல்லை. எழுந்து போன தோழர் தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு, முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமை, சிறப்பு முகாம் என்ற ஏற்பாட்டை ஒழிப்பது, மரண தண்டனையை நீக்குவது ஆகிய மூன்று கோரிக்கைகளையும் விடாமல் எழுப்புவோம். கொலையைக் கண்டிக்கிற நாம் அரசு செய்யும் கொலைக்கும் ஆதரவாக இருக்க முடியாது.

மூன்றாவதுதான் கடினமானது. நாளை எங்கேயோ ஒரு குண்டு வெடிக்கும், யாரோ ஒரு தலைவர் மேல் கை படும். மறுநாள் நம்முடைய சாரத்தில் வேலை செய்யும் வங்காளியையோ பிகாரியையோ பார்த்து, ஊர் எது என்று யாராவது இரண்டு முறை கேட்பார். இன்று ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலும் வடக்கத்தித் தொழிலாளர் நிறைந்திருக்கிறார்கள். அங்கே நம்மவர் கேட்பார், இங்கே நம்மிடம் கேட்பார்கள். அப்படிக் கேட்கிற வாய் நம்முடையதாக இருக்கக்கூடாது. அந்தத் தொழிலாளியின் பக்கத்தில் நாம் போய் நிற்க வேண்டும். நமக்கு நடந்ததை நாம் புரிந்துகொண்டோம் என்பதற்கு அதைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

அந்தப் பெயர்ப்பலகையை இனித் தலை குனிந்தும் கடக்க வேண்டாம், முறைத்துக்கொண்டும் கடக்க வேண்டாம். அந்தப் பலகையில் எழுதப்படாத பெயர்களையும் சேர்த்து நினைத்துக்கொண்டு, நிமிர்ந்து வேலைக்குப் போவோம்.

மே 21 மாலை அனைவரும் வருக. பிள்ளைகளையும் அழைத்து வருக.